இடது கை ஏன் இறங்கியது?

இரண்டு வருடங்களுக்கு முன், காணும் பொங்கல் அன்று மாலை, மண்ணூர்பேட்டையில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது இது. பொங்கல் வந்தால் கார்களையெல்லாம் தெருவுக்கு விரட்டிவிட்டு, பலகை அடித்து மேடை போட்டு, பட்டிமன்றம் நடத்துவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் மாமியாரா மருமகளா வகைத் தலைப்புதான். தீர்ப்பு என்னவென்று மைக் செட்காரருக்கே தெரிந்திருக்கும்.

அந்த வருடம் சங்கச் செயலாளருக்குப் புது யோசனை பிறந்தது. ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எல்லா வருடமும் அவரேதான் நடுவர். மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்குவது நம் சாமர்த்தியம். "குத்துச்சண்டையில் மாநில ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர் நம் மூன்றாவது மாடியிலேயே குடியிருக்கிறார். நாம் என்னடாவென்றால் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்" என்றார்.

சாம்பியன் என்று அவர் சொன்னது என் பக்கத்து வீட்டு அக்காவை. வடசென்னையில் பிறந்து வளர்ந்தவர். குத்துச்சண்டையில் ஜெயித்ததால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்து, இந்தப் பக்கம் குடிவந்தவர். லிஃப்ட் ஓடாத நாளில் கேஸ் சிலிண்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவிடுவார். நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்காக இங்கே வந்தபோது முதலில் கதவைத் தட்டியவர் அவர்தான். ஞாயிறு தவறாமல் அவர் வீட்டு மீன் குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை விடாமல் மேடம் என்பார்.

அக்காவின் கடைசிப் போட்டியை யாரோ எடுத்த வீடியோ ஒன்று குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அடிக்கடி சுற்றும். பட்டத்துக்கான போட்டி. கடைசிச் சுற்று வரை அக்காதான் முன்னிலை. திடீரென்று அவருடைய இடது கை இறங்குகிறது. வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அது மேலே வரவே இல்லை. ஒற்றைக் கையோடு கயிற்றோரமாகவே பின்வாங்கிப் பின்வாங்கி, குத்து வாங்கி, தோற்றுப்போகிறார். எதிரில் நின்ற பெண் சின்ன வயசு, ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம், பாவம் என்று அக்கா விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் கதை, பயந்துவிட்டார் என்பது இன்னொரு கட்சி. அக்காவிடமே கேட்டால், "அத்த வுடு சார், பழைய மேட்டரு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

செயலாளர் அதையே தலைப்பாக்கிவிட்டார். 'நம் சாம்பியன் கையை இறக்கியது பெருந்தன்மையாலா? பயத்தாலா?' அக்காவிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. பெருந்தன்மை அணியில் சேர ஆள் அலைமோதியது. பயம் அணிக்கு ஒருவரும் வரவில்லை. முன் வரிசையில் அக்காவை உட்காரவைத்துக்கொண்டு பயந்தாங்கொள்ளி என்று சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்? கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பயம் அணித் தலைவியாக நான் மாட்டிக்கொண்டேன்.

சீட்டு விழுந்த அன்று சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவர் மனசு நோகும்படி பேசிவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு அந்தக் கதவைத் தட்டுவது? மீன் குழம்பை விடுங்கள், இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே அக்கா அவர். நேராகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா மொகம் இப்டி கீது? ஏறினா நல்லா குத்து மேடம். சும்மா தடவிக் குடுத்துட்டு எறங்காத. பயந்தவ எப்டி நிப்பா தெரியுமா? இப்டி குனியணும், கைய இப்டி..." என்று சமையலறையிலேயே குனிந்து நின்று காட்டினார். என்னையும் குனியவைத்து, முட்டியை மடக்கச் சொல்லி, இரண்டு மூன்று குத்து விடவும் பழக்கினார். தன்னைத் திட்டுவதற்குத் தானே பயிற்சி கொடுத்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்போதும் எனக்கு ஒன்று உறுத்தியது. "நெசமாவே பயந்துட்டியளாக்கா?" என்று கேட்டேன். "நீதான் பேசப் போற, நீயே கண்டுபுடி" என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

காணும் பொங்கலும் வந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். அலுவலகத்துக்கு எப்போதும் சுடிதார்தான், புடவை எனக்கு வருடத்துக்கு ஓரிரு தடவை எட்டிப்பார்க்கிற விருந்தாளி. முதலில் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்களுக்கெல்லாம் போர்வை மாதிரி இருக்கும் பொன்னாடை அவர் தோளில் துண்டு மாதிரி கிடந்தது. பெருந்தன்மை அணித் தலைவர் பேசி, கடையெழு வள்ளல்களையெல்லாம் இழுத்து, கண்ணீர் வரவழைத்துக் கைதட்டல் வாங்கிப் போனார். அடுத்து நான்.

மைக்கைப் பிடிக்கும் வரைதான் என் பயம். பிடித்துவிட்டால் எனக்குள்ளிருந்து ஒரு வக்கீல் எழுந்துவிடுவார். "ஏழைப் பெண்ணுக்காக விட்டுக்கொடுத்தாராம். விட்டுக்கொடுப்பவர் முதல் சுற்றிலேயே விட்டுக்கொடுத்திருக்கலாமே! கடைசிச் சுற்றில் அந்த இடது கை ஏன் இறங்கியது நடுவர் அவர்களே?" என்று ஒரு போடு போட்டேன். கூட்டம் விசில் அடித்தது. முன் வரிசையில் அக்காதான் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பயந்தவர் எப்படி நிற்பார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, சமையலறையில் பழகின மாதிரியே முட்டியை மடக்கிக் குனிந்து காற்றில் ஒரு குத்து விட்டேன்.

இடுப்பில் 'பட்' என்று ஏதோ அறுந்தது. உள்பாவாடை நாடா.

புடவை கட்டத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கொசுவத்திலிருந்து முந்தி வரை மொத்தப் புடவையும் நிற்பது அந்த ஒரு நாடாவின் புண்ணியத்தில்தான். சட்டென்று இடது கையை இடுப்போடு அழுத்திக்கொண்டேன். கொசுவம் நழுவ ஆரம்பித்திருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் அவ்வளவுதான். எதிரே குடியிருப்பு மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. செல்போன்கள் வேறு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கின்றன. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

நான் பேச்சை மறந்துவிட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எதிரணி கிண்டலாகக் கைதட்டியது. நடுவர் மணியை அடித்து, "நேரம் ஓடுகிறது அம்மா" என்றார். என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இந்த ஊரைவிட்டே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஓடவும் முடியாது, ஓடினால்தான் புடவை நிற்காதே.

அப்போது அக்கா எழுந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மேடை கிறீச்சிட ஏறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி என் முன்னால் நின்றார். அந்த முதுகுக்குப் பின்னால் நான் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனேன்.

"நாடாவா?" என்று காதில் கேட்டார். தலையை ஆட்டினேன்.

"நவுராத." தோளிலிருந்த பொன்னாடையை உருவி, என் இடுப்பைச் சுற்றி இறுக்கி, பக்கவாட்டில் ஒரு முடிச்சுப் போட்டார். குத்துச்சண்டைக்காரர் முடிச்சு, கொசுவம் இனி எங்கே போகும்? கூட்டமோ வேறு மாதிரி புரிந்துகொண்டது. தன்னைத் திட்டியவளுக்கே பொன்னாடை போர்த்துகிறார் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடையை இடுப்பில் யாராவது போர்த்துவார்களா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு திரும்பினார். "மேடம் பேசி முடிச்சிட்டாங்க. பதில் நான் சொல்றேன். பெருந்தன்மையும் இல்ல, பயமும் இல்ல. அன்னிக்கு என் டவுசர் நாடா அவுந்துகிச்சு!"

 கார் நிறுத்துமிடமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அக்கா அதற்கு மேல் சிரித்தார். "பொண்ணுங்க ஹெவிவெயிட்டுக்கு டவுசர் தைக்கணும்னு அப்ப எவனுக்குத் தோணுச்சு? ஆம்பள சைஸுதான் குடுத்தாங்க. நாடா ஒண்ணுதான் காப்பாத்திகினு இருந்துச்சு. க்ளவுஸ் போட்ட கையில அத்த எப்டி கட்றது? ரெஃப்ரீ ஒரு ஆம்பள, அவராண்ட இன்னான்னு சொல்றது? முழங்கையால இறுக்கிப் புடிச்சிகினேன். ஒரு கையால எம்மாம் நேரம் சண்ட போடறது, தோத்துட்டேன். பட்டம் போச்சு, மானம் தப்பிச்சுது!"

எல்லோரும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நான் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக மேடையிலிருந்து இறங்கினேன். ஒருவர்கூட என்னைக் கவனிக்கவில்லை. அதற்காகத்தான் அவர் அதைச் சொன்னார் என்பது படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மா? பயந்துட்டீங்கன்னு இத்தனை வருஷமா பேசிட்டோமே" என்று நடுவர் தழுதழுத்தார்.

அக்காவின் குரல் சற்று இறங்கியது. "பொட்டப் புள்ள டவுசர் போட்டுகினு ஆடுதுன்னு எங்கம்மாவ தெருவுல எவ்ளோ பேசினாங்க தெரியுமா சார்? நான் இத்த வெளிய சொல்லியிருந்தா எந்த அம்மா பொண்ண ரிங்குக்கு அனுப்பியிருக்கும்? பயந்துட்டான்னா கெட்ட பேரு எனக்கு மட்டும். இத்த சொல்லியிருந்தா அத்தினி பொண்ணுங்களுக்கும் கதவ சாத்தியிருப்பாங்க. இப்ப பரவால்ல, பொண்ணுங்க அளவுக்கே தைக்கிறான். அதான் சொல்லிட்டேன்."

முதலில் எழுந்து கைதட்டியவர்கள் பெண்கள். அப்புறம் எல்லோரும். நடுவர் இரண்டு அணியும் தோற்றன என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சரித்திரத்தில் முதல் முறையாக மைக்கைத் தானாகவே கீழே வைத்தார்.

வீட்டுக்குப் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, பொன்னாடையை மடித்து எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன். பேச முயன்று அழுதுவிட்டேன். "எனக்காக அந்தச் சங்கதியச் சொல்லணுமாக்கா?" என்றேன்.

"ஒன்ன குனியச் சொன்னதே நான்தான மேடம்" என்று சிரித்தார். பிறகு பொன்னாடையை என்னிடமே நீட்டினார். "அன்னிக்கு ரிங்குல என்ன மறைச்சிகினு நிக்க யாரும் வரல. ஒனக்கு நான் வர முடிஞ்சுது. அவ்ளோதான், வுடு. குழம்பு சூடா கீது, துன்னுட்டுப் போ."

என் நாடா அறுந்தது இன்றுவரை எங்கள் குடியிருப்பில் அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், எனக்கு இப்போது வெட்கமில்லை. அந்தப் பொன்னாடை என் அலமாரியில்தான் இருக்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது சட்டென்று பின்வாங்கினால், பயந்துவிட்டார்கள் என்று இப்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை. அவர்களுடைய இடது கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்றுதான் முதலில் பார்க்கிறேன்.