புளியமரத்தில் அடித்த ஆணி

என் அண்ணனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலுக்கே போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். இந்த வயதிலும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கிராமம் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். எங்கள் தெரு ஊருக்குள் இல்லை, ஊருக்கு வெளியே தள்ளி இருந்தது. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. அய்யாவும் அம்மாவும் ஊர்க்காரர்களின் வயலில் வேலை செய்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஆற்று மணலைத் தாண்டி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் அண்ணன். அவன் சட்டையை நான்தான் துவைப்பேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

பள்ளிக்கூடத்தில் அவனை யாரும் அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எல்லாரும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். தீண்டாமை கூடாதென்று சட்டம் வந்துவிட்டது அல்லவா. ஆனால் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அந்தப் பானை வரைக்கும் சட்டம் வந்து சேரவில்லை.

மற்ற பிள்ளைகள் செம்பில் மொண்டு குடிப்பார்கள். எங்கள் சாதிப் பிள்ளைகள் பானையைத் தொடக் கூடாது. கீழே படியில் நின்று இரண்டு கையையும் குவித்து ஏந்த வேண்டும், வேலைக்கார ஆள் ஒருவர் மேலேயிருந்து ஊற்றுவார். மற்றவர்கள் எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் அவர் வருவார். சில நாள் வருவார், சில நாள் பீடி பற்ற வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நிற்பார். அதற்குள் மணி அடித்துவிடும். அண்ணன் குவித்த கையோடு வகுப்புக்குத் திரும்பிவிடுவான். அவன் கணக்கு நன்றாகப் போடுவான் என்று வாத்தியாருக்கு அவன் மேல் பிரியம். "உங்க ஆளுகள்ல இப்படி ஒருத்தனா" என்று எல்லார் முன்னாலும் மெச்சுவாராம். அந்த மெச்சல் அவனுக்குத் தண்ணீர் கிடைக்காததைவிட மோசமாக இருந்தது என்று என்னிடம் ஒரு தரம் சொன்னான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போவான். செம்பைத் தூக்கி அண்ணாந்து மூச்சு விடாமல் குடிப்பான். நானும் தம்பியும் சிரிப்போம். ஒட்டகம் வந்துவிட்டது என்று அம்மா கேலி செய்வாள். அவனும் முதலில் சிரித்தான்.

பிறகு சிரிப்பதை விட்டான். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான். தூக்கம் போயிற்று. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். வீட்டில் பானை நிறையத் தண்ணீர் இருக்கும்போதே, "நாக்கு வறண்டே கெடக்கு" என்பான். ஒரு நாள் நான் விறகு கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "செத்துட்டா தாகம் எடுக்காதுல்ல" என்றான். கட்டிய விறகை அப்படியே போட்டேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அய்யாவிடம் சொன்னாள். அய்யா பேய் ஓட்டும் கோடாங்கியைக் கூட்டி வந்தார்.

அய்யாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை இப்படிப் பேசினால் வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரை. அங்கேயும் இதற்கு என்ன மருந்து இருந்திருக்கும்?

கோடாங்கி வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் வந்து, எங்கள் வாசலில் அண்ணனை உட்கார வைத்தார். தெருவே கூடி நின்றது. உடுக்கை அடித்து, வேப்பிலையால் அவன் முகத்தில் அடித்து, "ஏலே, யாரு நீ? எங்கன வச்சு இவனப் பிடிச்ச?" என்று அதட்டினார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேய் தான் பிடித்த இடத்தைச் சொல்ல வேண்டும். பிறகு பிடிபட்டவனின் உச்சி முடியைப் பிடுங்கி, அந்த இடத்து மரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். பேய் அங்கேயே நின்றுகொள்ளும்.

அண்ணன் முகத்தில் ஒட்டிய வேப்பிலையைத் துடைத்தான். பிறகு சாதாரணக் குரலில் சொன்னான்.

"பள்ளிக்கூடத்துப் பானகிட்ட."

உடுக்கை நின்றது. கோடாங்கி அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. "பானையா? அதுல தண்ணி எடுத்தவ யாரும் செத்துப் போனாளா?" என்று கேட்டார்.

"யாரும் சாகல. நான் குடிக்கணும்னா அதுலருந்து ஒரு ஆளு ஊத்தணும். அந்த ஆளு வாரதுக்குள்ள மணி அடிச்சிரும். தெனமும்."

அவன் சொன்னது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் விளங்கியது, அதுதான் எனக்கு ஆத்திரம். அத்தனை பேரும் எங்கேயாவது கையைக் குவித்து நின்றவர்கள்தானே. கோடாங்கி அய்யாவைப் பார்த்தார், அய்யா தரையைப் பார்த்தார். மண்பானையில் எப்படி ஆணி அடிப்பது? அடிக்கத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் யார் போவது? கோடாங்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேய் பொய் சொல்லுது" என்றார். பள்ளிக்கூடம் போகும் வழியில், கண்மாய்க் கரையில் ஒரு புளியமரம் நின்றது. பிடித்தது அங்கேதான் என்று அவரே முடிவு செய்தார்.

ஆணி அடித்துவிட்டு வரும்போது அண்ணன் உச்சந்தலையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என் காதோரம் குனிந்து, "எல்லாரு முன்னாலயும் நான் வாயத் தெறந்து சொன்னது இன்னைக்கு மட்டுந்தான். அதையும் பேய் சொல்லுச்சுன்னுட்டாக" என்றான்.

மறுநாள் இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான். பேய் போய்விட்டது என்று அய்யாவுக்குச் சந்தோஷம். திங்கட்கிழமை அவரே கூட நடந்து போய் அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அண்ணன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

எப்படி என்று சொல்ல மாட்டேன். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களை நான் தேடிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. படிப்பு மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் ஊர்க்காரர்கள். "யாரும் ஒரு வார்த்த சொல்லலியே அவன" என்று வாத்தியார் வருத்தப்பட்டதாகச் சேதி வந்தது. எங்கள் தெருவில், அடித்த ஆணி சரியாக இறங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நாலு பேர் கோடாலியோடு போய் அந்தப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். நல்ல காய்ப்பு மரம். அது யாருக்கு என்ன செய்தது, பாவம்?

அடுத்த வருஷம் தம்பியை அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார் அய்யா. அம்மா வேண்டாம் என்று அழுதாள். "அதான் மரம் இல்லையே, இனி என்ன பயம்" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் தம்பி வந்தான். பையைக் கழற்றவில்லை. நேரே அடுப்படிக்குப் போனான். செம்பைத் தூக்கி அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தான். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து வந்து அய்யாவின் முன்னால் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்து அவள் அப்படி நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மரத்த வெட்டிட்டீக," என்றாள். "பானைய எப்ப ஒடைப்பீக?"