பர்ல் போட்ட எடை

கரடியைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவேன் என்று என் மச்சான் பர்ல் லெட்ஃபோர்ட் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வட கரோலினாவின் மேற்கு மலையில் பிறந்தவர். என் அக்கா லோராவைக் கட்டிக்கொண்டு எங்கள் கடலோரச் சமவெளிக்கு வந்தார். அவர் மலையில் கருங்கரடிக்குக் கிடைப்பது ஓக் கொட்டையும் காட்டுப் பழமும்தான். சில வருடம் அதுவும் பொய்த்துவிடும். இங்கேயோ நாங்கள் விதைக்கிற மக்காச்சோளம், சோயா, நிலக்கடலை எல்லாவற்றிலும் முதல் பந்தி அதற்குத்தான். குளிரும் குறைவு, குளிர்கால உறக்கமும் குறைவு. தின்று தின்று எங்கள் ஊர் ஆண் கரடி அறுநூறு பவுண்டைத் தாண்டும். அவர் மலையில் அதில் பாதி இருந்தாலே பெரிய ஆண் என்று ஊரே பேசும்.

இதையெல்லாம் எத்தனையோ முறை சொன்னேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

நவம்பரில் ஒரு சாயங்காலம் என் கடலைக் கொல்லை ஓரம் இருவரும் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தோம். வாய்க்காலைத் தாண்டி ஒரு கரடி தனியாக வந்தது.

“முந்நூறுக்குக் குறையாது மாப்ளே. ஆண்தான்.”

“பொறுங்க மச்சான். எங்க ஊர்ல பொட்டையும் அந்த அளவு வளரும்.”

“போய்யா, எனக்கே கரடி காட்டுறியா?”

சுட்டுவிட்டார்.

கிட்டே போய்ப் புரட்டினோம். பெண். முலைக்காம்புகள் நீண்டிருந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பைன் மரத்தின் மேலிருந்து அழுகை கேட்டது. இரண்டு குட்டிகள். பச்சைக் குழந்தை அழுவது போலவே இருந்தது. பர்ல் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, வனக்காவலர் க்ளேயை அவரே போன் செய்து கூப்பிட்டார்.

க்ளே விளக்கடித்து மரத்தைப் பார்த்தான். “எழுபத்தஞ்சு பவுண்டுக்குள்ள இருந்தாத்தாண்ணே சட்டப்படி குட்டி, அப்பத்தான் தாயையும் சுடக்கூடாது. இதுங்க அதைத் தாண்டிடுச்சு, பார்த்தாலே தெரியுது. உங்க மேல தப்பு இல்ல.”

“நானும் பார்த்தாலே தெரியுதுன்னுதான்யா சுட்டேன்.”

“கடலையைத் தின்னு கொழுத்திருக்குதுங்க. பிழைச்சுக்கும்.”

“அழுவுதே, க்ளே. ஏதாவது அபராதமாவது போடேன்.”

க்ளே தலையைச் சொறிந்தான். இல்லாத குற்றத்துக்கு அபராதம் எப்படிப் போடுவான்? எனக்கு மச்சான் மேல் கோபம் பொங்கியது, அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

அந்த இறைச்சியை லோரா சமைத்து வைத்தபோது பர்ல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். குட்டிகளை அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை. வாய்க்கால் ஓரச் சேற்றில் தினமும் தடம் தேடினார்.

இப்போதும் நவம்பரானால் என்னோடு கொல்லை ஓரம் வந்து உட்காருகிறார், வெறுங்கையோடு. போன வாரம் பெரிய கரடி ஒன்று வந்தது. பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

“எவ்வளவு தேறும் மச்சான்?”

அவர் அதைப் பார்க்கவே இல்லை. அது வந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொறு மாப்ளே. பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பார்ப்போம்.”