விரிசலைப் பூசிய நாள்

போன மழைக்காலத்தில் எங்கள் அடுக்களைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விழுந்தது. உத்தரமும் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. "எங்கள்" என்று பழக்க தோஷத்தில் எழுதுகிறேன். அவர் போன பிறகு கரமனையில் இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள், "வித்துட்டு ஏதாவது முதியோர் இல்லத்துல சேர்ந்துடும்மா" என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாள். நான் இங்கேதான் இருக்கப் போகிறேன். ஆனால் எனக்கு வரும் பென்ஷனில் உத்தரம் மாற்ற முடியாது. பழுதடைந்த வீடுகளுக்கு அரசாங்கம் உதவுகிறது என்று கேள்விப்பட்டதும் ஆபீசுக்கு நடையாய் நடந்து மனுக் கொடுத்தேன்.

ஒருநாள் போன் வந்தது. மறுநாள் ஓவர்சியர் வீட்டைப் பார்க்க வருகிறாராம்.

என் புத்தி போன போக்கைப் பாருங்கள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் தவிர இந்த வாசற்படியை யாரும் மிதித்து எத்தனையோ நாளாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவர் வருகிறார் என்றால் வாசலைக் கழுவிப் பெரிய கோலமாகப் போட்டு, அடுக்களை வரை பளிச்சென்று வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மானம் போய்விடும். அடுக்களைக்குள் போனால் அந்த விரிசல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. கடைக்குப் போய் வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி நானே அடைத்துப் பூசினேன். முடித்ததும் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

வந்த ஓவர்சியர் சின்னப் பெண். தமிழ்க்காரப் பெண்தான், இந்த மலையாள ஊரில் வளர்ந்ததால் பேச்சில் பாதி மலையாளம். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தாள். அடுக்களையை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமி, விரிசல் எவிடெ? போட்டோ எடுக்கணுமே."

"பூசிட்டேனேடி குழந்தே. நீ வரப்போறேன்னு."

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். தோசைத் திருப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஸ்டூலில் ஏறிச் சுரண்டியதும் நான் பூசியது அத்தனையும் அடுப்பு மேடையில் உதிர்ந்தது. போட்டோ எடுத்தாள். உத்தரத்தையும் எடுத்தாள்.

காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள்: "உதவி கிட்டும் மாமி. பக்ஷே கூரைய இறக்கிட்டுப் புதுசாத்தான் பணியணும். வேலை தீர்ற வரைக்கும் இங்க ஆரும் தாமசிக்கக் கூடாது. அதுவரை எங்க இருப்பேள்? அட்ரஸ் எழுதணும்."

"நான் பாட்டுக்கு முன்னறைல ஒதுங்கிக்கறேனே."

"அப்படி எழுதினா சாங்ஷன் ஆகாது மாமி."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவை மனசுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தேன். உரிமையோடு நான் நுழையக்கூடிய வீட்டுக்காரர்களில் சிலர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் பிள்ளைகளோடு பெங்களூர், சென்னை என்று போய்விட்டார்கள். இந்தத் தெருவில் எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை பிரசவத்துக்கு ஓடியிருக்கிறேன்! ஒரு வீட்டைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"பக்கத்து வீடுதான். பேசி வெச்சிருக்கேன்" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுதியதை அவள் அடிக்கவில்லை. "வரேன் மாமி" என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள்.

உதவி பாஸாகிவிட்டதாக நேற்று போன் வந்தது. திங்கட்கிழமை கூரை இறக்க ஆட்கள் வருகிறார்கள். மகளிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சும்மா" என்றாள். பெட்டியில் புடவைகளை எடுத்து வைத்துவிட்டேன். எங்கே போவதென்றுதான் தெரியவில்லை.