மேனேஜருக்கு இருமல்

போன மாதம் ஒரு நாள் காலையில் சாந்தியிடமிருந்து போன். "சார், மேனேஜருக்கு ரெண்டு நாளா ஒரே இருமல். கொள்ளைக்கூடத் தொடலைங்க!"

பதறிவிட்டேன். எந்த பேங்க் மேனேஜர் கொள்ளு தின்கிறார் என்று கேட்காதீர்கள். உறையூரில் சாந்தி வளர்க்கும் மூன்று கல்யாணக் குதிரைகளில் மூத்தவர்தான் மேனேஜர். வெள்ளைக் குதிரை. என் மச்சினன் மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆரம்பித்த சிநேகம் இது. மச்சினன் பேசுவதை நிறுத்திவிட்டான். மேனேஜர் இன்னும் என்னைப் பார்த்தால் தலையாட்டுவார்.

நம்ம ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் சும்மா இருக்க முடியுமா? "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்" என்பார்களே! மனிதர்களுக்கு பிரெட், ஆரஞ்சு. குதிரைக்கு? காந்தி மார்க்கெட்டில் இரண்டு கிலோ கேரட் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

போனால்... எனக்கு முன்னாலேயே கூட்டம்! திருவெறும்பூரிலிருந்து ஒரு குதிரைக்காரர், துறையூரிலிருந்து ஒருவர். ஆளாளுக்குத் தடவிக் கொடுத்தார்கள், நானும்தான். ஆளாளுக்கு ஒரு கஷாயம் சொன்னார்கள். மேனேஜர் என் சட்டை மேல் 'ப்ர்ர்ர்' என்று தும்மினார்.

"நூறு!" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல. மறுபடி தும்மல். "இருநூறு!" மூன்றாவதற்கு எல்லோரும் சேர்ந்து "முந்நூறு!"

கேரட்டை மேனேஜர் முகர்ந்து பார்த்ததோடு சரி. வீணாக்குவானேன்? அப்படியே காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். அங்கே ரஹீம் பாயின் குதிரை பேகம் நிறைமாதம். குட்டிக்காகப் பாய் பதினோரு மாதமாகக் காத்திருக்கிறார். அதே கையால் அவளுக்கும் கேரட் ஊட்டிவிட்டு, புண்ணியம் சேர்த்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் சாந்தியின் இரண்டாவது குதிரையும் இருமியது. கால்நடை டாக்டரம்மா வந்தார். டெஸ்ட் எடுத்தார். குதிரை ஃப்ளூ! மனிதருக்கு வராது, ஆனால் குதிரைக்குக் குதிரை காட்டுத்தீ. தெருமுனையில் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று — உள்ளேயிருந்து ஒரு குதிரையும் வெளியே போகக்கூடாது, வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வரக்கூடாது. சுற்று வட்டாரத்தில் நன்றாக இருக்கும் குதிரைகளுக்குத் தடுப்பூசி. "யார் யார் வந்து பார்த்தாங்க?" என்று கேட்டதும் சாந்தி கடகடவென்று ஒப்பித்துவிட்டார். டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"சார், இங்கேருந்து நேரா வீட்டுக்குத்தானே போனீங்க?"

"இல்லைங்க... ஸ்ரீரங்கம். பேகத்தைப் பார்க்க."

"தொட்டீங்களா?"

"ஊட்டிவிட்டேன்."

"கையாவது கழுவினீங்களா?"

"வேட்டியில் துடைச்சேன்..."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நிறைமாதக் குதிரைக்குக் கடும் காய்ச்சல் வந்தால் குட்டிக்கே ஆபத்தாம். பேகத்தைத் தனியாகக் கட்டினார்கள். காலையும் மாலையும் டெம்பரேச்சர் பார்க்க உத்தரவு. நோய் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஊசி.

ரஹீம் பாய் கோபப்படத் தெரியாத மனிதர். அவரே சொன்னார்: "குதிரை குணம் தெரிஞ்சுதான் ஆண்டவன் அதுக்குக் கொம்பு வைக்கலைம்பாங்க. உங்களுக்கு எதுக்குங்க கையை வச்சான்?"

 

அடுத்த நாள் பாயிடமிருந்து போன். "நூத்தியொண்ணு இருக்குங்க." நான் அலறினேன். "அய்யோ, காய்ச்சலா?" "அட, குதிரைக்கு அது நார்மல்ங்க!"

ஐந்தாம் நாள் பேகம் தும்மினாள். இந்த முறை நூறு என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. டாக்டரம்மா ஓடி வந்து மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு சாம்பிள் எடுத்தார். ரிசல்ட் வரும்வரை எனக்கு சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டாள்: "நான் ரெண்டு பெத்தப்போ இப்படி இருந்தீங்களா?"

ரிசல்ட் வந்தது. ஃப்ளூ இல்லை... தவிட்டுத் தூசி! வீட்டுக்குள் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். பேகத்துக்கு அன்றே ஊசி. மேனேஜரும் கொள்ளு கேட்டு உதைக்க ஆரம்பித்துவிட்டார் என்றார் சாந்தி.

யோசித்துப் பார்த்தேன். நோய்க்கு ஏது கால்? அது நலம் விசாரிக்கிறவன் சட்டையில் ஏறித்தான் ஊர் சுற்றுகிறது. ரிப்பன் கட்டியது குதிரைக்கு மட்டுமில்லை, நம் பாசத்துக்கும்தான்.

நேற்று வீடியோ கால். பாய் முகமெல்லாம் பல். பின்னால், நிற்கத் தெரியாத நாலு காலோடு ஒரு குட்டி!

"பாய், இதோ இப்பவே கிளம்பி வரேன்!"

"அல்லாவே! வேணாங்க... போன்லயே கொஞ்சுங்க!"

கொஞ்சினேன். இனி உங்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நான் வந்து பார்க்க மாட்டேன் — அவ்வளவு பிரியம்!