எஸ்தர் அக்கா எழுதிய ஊழியக்காரர்

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, கம்பத்தில்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே. ஹார்ட் அட்டாக்.

ஓய்வுபெற்ற நர்ஸ். நாவலாசிரியர். கையெழுத்துப் பிரதியோடு என் டிடிபி கடைக்கு வந்து, எனக்கு அக்காவே ஆகிப்போனவர்.

அழுகைதான் வருகிறது. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. என்ன மாதிரி மனுஷி!

விடிந்ததும் முழங்காலில் நின்று ஜெபம். எழுந்ததும் எழுத்து. இடுப்பு வலியால் உட்கார முடியாது. கிரைண்டர் மேல் பலகையைப் போட்டு நின்றபடியே எழுதுவார். மாவரைக்கிற நாளில் மட்டும் லீவு!

எழுதியதைச் சத்தமாக வாசிப்பார். பொய்யாகக் கேட்கிற வரியை அங்கேயே அடித்துவிடுவார்.

நான் வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவன். அந்த வாரம் அவர் நாவல் டைப்பிங் அப்படியே நிற்கும். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. "கை பத்திரம் தம்பி" என்று தீக்காய மருந்து கொடுத்து அனுப்புவார்.

முதல் நாவலில் ஒரு ஊழியக்காரர். விசுவாசம் போன பிறகும் பிரசங்கம் பண்ணிக்கொண்டே இருப்பார். புத்தகம் வரும் முன்பே விஷயம் வெளியே கசிந்து, தங்கள் பாஸ்டரைத்தான் எழுதிவிட்டார் என்று சபையில் ஒரே கொதிப்பு. வெளியீட்டுக்குத் தருவதாகச் சொன்ன சர்ச் ஹாலும் இல்லை என்றாகிவிட்டது.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று நான்தான் பயந்துபோய்க் கேட்டேன்.

"ஜெபம் பண்ணிட்டு எழுதுனது தம்பி. அத எடுத்தா மிச்சமும் பொய்யாயிரும்."

சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்து ஷெட்டில் வெளியிட்டோம். பழம் அடுக்கும் பெண்கள்தான் கூட்டம். என்ன கைதட்டல்! முதல் பிரதியை அக்கா நேரே பாஸ்டர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து பாஸ்டர் அக்காவை வரச்சொன்னார். துணைக்கு நானும் போனேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன்... முகத்தில் இருந்தது வேறு.

"என்னையத்தான் எழுதியிருக்கீகளா சிஸ்டர்?"

"இல்லைங்கய்யா. என்னையத்தான் எழுதியிருக்கேன்."

கணவர் இறந்த பிறகு ரொம்ப நாள் வெறும் வாயால் மட்டுமே ஜெபித்ததாக அக்கா சொன்னார். இந்தக் கதையை எழுத எழுதத்தான் ஜெபத்துக்கு உயிர் திரும்பியதாம். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அதே அத்தியாயத்தை பாஸ்டரே நின்று வாசித்தார்! திங்கட்கிழமை கடைக்கு ஆள் மேல் ஆள்... பிரதிகள் தீர்ந்து மறுபடி அச்சடித்தோம்.

போன வாரம் அக்கா வந்து இரண்டாவது நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதுதான் டைப் செய்து முடித்தேன். முதல் நாவலைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது... வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நாளை காலை அடக்கம். பாஸ்டர்தான் நடத்துகிறார்.

நல்லா தூங்குங்க அக்கா... புரூஃப் நான் பாத்துக்கிறேன்.