வித்தியாதரிசிக்குக் கதிரை இல்லாமற்போன நாள்

வித்தியாதரிசி எங்கள் பாடசாலையைப் பார்வையிட வந்த அன்று, ஆறாம் வகுப்பில் அவர் உட்கார ஒரு கதிரைகூட இல்லை. எல்லாவற்றையும் முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான்.

ஐம்பதுகளின் நடுவில் கல்முனைப் பாடசாலை ஒன்றில் பியோனாக இருந்தேன். மணி அடிப்பது, கூட்டுவது, தண்ணீர் அள்ளி வைப்பது என் வேலை. எல்லோருக்கும் நான் 'காக்கா', அதாவது அண்ணன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பெரிய மனிதர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

சரித்திரம் படிப்பித்த சலீம் மாஸ்டர் பிள்ளைகளையே ராசாவாகவும் மந்திரியாகவும் ஆக்கிவிடுவார். அந்தச் சத்தம் தலைமையாசிரியருக்குப் பிடிக்காது. "இந்த முறை வித்தியாதரிசி சரியில்ல எண்டு எழுதினா, உங்களுக்கு இடமாற்றம்தான் மாஸ்டர்" என்று என் காதுபடவே சொல்லியிருந்தார்.

அன்றைய பாடம் போர்த்துக்கேயர். ஊர்ப் பேச்சில் பறங்கி. அவர்களுடைய பாஷையிலிருந்து நம் பேச்சுக்கு வந்த சொற்களை மாஸ்டர் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்.

"இண்டைக்குப் பறங்கி ஊருக்குப் போறான். அவன்ட பாஷையில பேருள்ள சாமானையெல்லாம் குடுத்து அனுப்பணும். சொல்லுங்க பாப்பம்!" என்றவர், தண்ணீர் வைக்க உள்ளே போன என் தலையில் பனையோலைத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார். "காக்கா, நீங்கதான் பறங்கிட கப்பலுக்குக் கப்பித்தான். கதைக்கத் தேவல்ல, தூக்கினாப் போதும்."

"கதிரை!" என்றார்கள். தூக்கினேன். "மேசை! வாங்கு! அலுமாரி!" நாலு பேர் உட்காரும் வாங்கை இழுத்ததிலேயே மூச்சு வாங்கிற்று. "யன்னல்!" என்றார்கள். கழற்ற முடியாததால் அதை விட்டுவைத்தேன்.

அந்த நேரம்தான் தலைமையாசிரியர் வித்தியாதரிசியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சேருக்குக் கதிரை எங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"பறங்கி கொண்டுபெயித்தான் சேர்!" என்று வகுப்பே கத்தியது.

வித்தியாதரிசி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். மாஸ்டரின் முகம் வெளுத்துப் போயிற்று.

முன்னால் தரையில் இருந்த சிறுமி றசீனா எழும்பினாள். "சேர், பேனையும் பறங்கிட சாமான்தான். காக்கா, எடுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  கையை நீட்டினேன். "சேர்... பேனை."

அவர் தொப்பியிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். "நீர் ஆர்?"

கப்பித்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "பியோன், சேர்" என்றேன்.

"பியோன் எண்டதும் போர்த்துக்கேயரின்ரை சொல்லுத்தான் ஐசே. அப்ப நீரும் கப்பல் ஏறவேணும்."

"அல்லாஹ்! எங்கட காக்காவத் தரமாட்டம்!" என்று நாலைந்து பிள்ளைகள் பாய்ந்து வந்து நான் இடுப்பில் கட்டியிருந்த சாரனைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒரு கையால் சாரனைக் காப்பாற்ற, மற்றக் கையில் பேனை வந்து விழுந்தது. வித்தியாதரிசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சப்பாத்தும் அவையின்ரைதான்" என்று அதையும் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளோடு தரையில் இருந்து பாடம் முடியும்வரை கேட்டார். போகும்போது மாஸ்டரைக் காட்டித் தலைமையாசிரியரிடம், "இவரை மாத்திப்போடாதேங்கோ. மற்ற வாத்திமாரையும் வந்து பாக்கச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த வருடம் சலீம் மாஸ்டருக்குச் சிறந்த ஆசிரியர் பரிசு கிடைத்தது.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நல்ல வகுப்பில் சும்மா நின்று பார்க்க ஒருவருக்கும் இடமில்லை. பிழை எழுத வந்தவருக்கும் இல்லை, என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கும் இல்லை.