துக்க வீட்டுக் கேக்

கேக் வேகும் வாசனையை எப்படி மறைப்பது என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும். நெத்திலிக் கருவாடு வறுக்க வேண்டும். ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் வீண். வெண்ணெய் வாசனை அவற்றோடு சேர்ந்துகொண்டு இன்னும் இரண்டு வீடு தள்ளிப் போகும். கருவாட்டுக்கு முன்னால் மட்டும்தான் அது அடங்கும். இதை நான் போன டிசம்பரில் கண்டுபிடித்தேன். வெளியே சொல்லிப் பெருமைப்படுகிற கண்டுபிடிப்பு இல்லை.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் நெருக்கமான தெரு ஒன்றில் இருக்கிறது. அத்தை இருந்தவரை வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாமா, அத்தை, நான். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பாதிக்கு மேல் ஃபோனில்தான் குடும்பம் நடத்துகிறோம். மாமாவும் கடலில் பிழைத்தவர்தான். தோணியை நடத்திப் போகும் தண்டலாக இருந்து, மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போய் வந்தவர். இப்போது காலையில் சர்ச்சில் பூசை, சாயங்காலம் கடற்கரை, அவ்வளவுதான். நான் சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பெண். எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேக் செய்யத் தெரியும். கல்யாணமாகி வந்த கொஞ்ச காலத்திலேயே வீட்டிலிருந்தபடி ஆர்டர் எடுத்துச் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

அத்தைக்குச் சர்க்கரை நோய். நான் செய்ததில் விரல் நுனியளவு கிள்ளி வாயில் போடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் டின்னுக்கு வெண்ணெய் தடவுவதும், பட்டர் பேப்பர் வெட்டுவதும், ஆர்டர் கேட்டு வரும் ஃபோனில் அரை மணி நேரம் கதை பேசுவதும் அவர்கள்தான். கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சீனியைக் கருக்கி ஊற்றினால் நாக்கில் கசப்பு நிற்கிறது, உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி ஊற்று என்று சொன்னதும் அவர்களே. நான் முகத்தைச் சுளித்தேன். கேக்கில் போய்க் கருப்பட்டியா என்று கேட்டேன். கடைசியில் அந்தக் கருப்பட்டியும் அதோடு சேர்த்த சுக்கும்தான் எனக்கு ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தன. செப்டம்பரில் ஒரு காலை, அத்தை படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டமாட்டார்கள், குடில் வைக்கமாட்டார்கள், பலகாரத்துக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள். அதற்காக அந்த வீட்டை யாரும் வெறுமனே விட்டுவிடுவதும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தட்டு வரும். துக்க வீட்டுக்குப் போகிற தட்டில்தான் முதல் ஈடு முறுக்கை வைப்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறியவர்கள் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

நவம்பர் கடைசியில் ஃபோன் வர ஆரம்பித்தது. இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். முதல் ஆளிடம் சொல்லவும் செய்தேன். அந்த அம்மாள், அப்படியானால் மில்லர்புரம் பக்கம் புதிதாக ஒரு பெண் செய்கிறாளாம், அவளிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அத்தை இறந்ததற்கு நான் அழுத அழுகை பொய்யில்லை. ஆனால் என் வாடிக்கை இன்னொருத்தி கைக்குப் போகிறது என்றதும் அந்தத் துக்கம் ஒரு ஓரமாக நகர்ந்து எனக்கு வழி விட்டது. ஜூலையிலேயே ரம்மில் ஊறப்போட்ட பழங்கள் ஜாடியில் இருக்கின்றன, வீணாகப் போகுமே என்று நினைத்தேன். பலகாரம் செய்யக் கூடாது என்பது வீட்டுக்குத்தானே, வெளியாளுக்கு இல்லையே என்றும் நினைத்தேன். எந்த வக்கீலும் என்னிடம் தோற்றிருப்பார். கணவரிடம் கேட்டேன். எந்தத் துறைமுகத்தில் நின்றாரோ, இரைச்சலுக்கு நடுவே, அப்பா மனசு நோகாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். நான் அதை எனக்குத் தோதாகப் புரிந்துகொண்டேன். மாமாவுக்குத் தெரியாமல் செய்தால் மாமா மனசு நோகாது.

அதிலிருந்து எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். தெருவுக்குத் தெரிந்தால் பேசுவார்கள், பிறகு மறப்பார்கள். மாமாவுக்குத் தெரியக் கூடாது. பொண்டாட்டி செத்து நாலு மாதம்கூட ஆகாத வீட்டில் மருமகள் கேக் சுட்டு விற்கிறாள் என்று அந்த மனுஷர் அறியக் கூடாது.

மாமா பூசைக்குக் கிளம்பியதும் ஓவனைச் சூடேற்றுவேன். மாவு அடிக்கிற பீட்டர் மெஷினைப் போட்டால் சத்தம் தெருவரை கேட்கும் என்று கையால் அடித்தேன், தோள்பட்டை விட்டுப்போனது. வாங்க வருகிறவர்களை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி, மளிகைப் பையில் மறைத்துப் பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, ஆற வைப்பது. சூடு முழுக்க இறங்காமல் பெட்டியில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். அடுப்படி குறுகல். ஹாலில் மாமா இருப்பார். மிச்சம் இருந்தது அத்தையின் அறை. அத்தை போனபிறகு மாமா அங்கே படுப்பதை விட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். அந்த அறைக் கதவு எப்போதும் சாத்தியே கிடந்தது. அவருக்கு உள்ளே போக மனசு வரவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அத்தையின் தேக்குக் கட்டிலில், மெத்தை விரிப்புக்கு மேல் பேப்பர் பரப்பி, கேக்குகளை வரிசையாக அடுக்கினேன். முதல் தடவை கை கொஞ்சம் தயங்கியது. இரண்டாவது நாள் தயங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. இரண்டாவது நாள் நான் அதைக் கட்டிலாகவே பார்க்கவில்லை, நல்ல நீளமான மேசையாகத்தான் பார்த்தேன்.

மாமா திரும்புவதற்குள் கருவாடு வாணலியில் இருக்கும். அறைக் கதவின் அடியில் ஈரத் துண்டைத் திணித்துவிடுவேன். கேக்கில் கருவாட்டு வாடை ஏறிவிட்டால் என் பேர் கெட்டுப்போகும் அல்லவா. மாமா சாப்பிட உட்காருவார். தட்டில் கருவாடு. மறுநாளும் கருவாடு. ஐந்தாறு நாள் போனதும், மீன் வரத்து இல்லையோ என்று கேட்டார். கப்பல் நிற்கும் ஊரில், கூடைக்காரி தினமும் வாசலில் கூவிவிட்டுப் போகிற தெருவில் உட்கார்ந்துகொண்டு, விலை ரொம்ப ஜாஸ்தி மாமா என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

இருபத்துநாலாம் தேதி காலையிலிருந்து தட்டுகள் வர ஆரம்பித்தன. கலகலா, முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு. மேலே வெள்ளைத் துணி மூடி, ஒவ்வொருவராக வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை எப்படிச் சிரிப்பார்கள், யார் கல்யாணத்தில் என்ன பேசினார்கள் என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன். அழுதுகொண்டே, சாத்திய கதவுக்குப் பின்னால் கடைசி ஆர்டருக்கான கேக்குகள் ஆறிவிட்டனவா என்று கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்தேன். ஒரே தலைக்குள் இரண்டும் சண்டையில்லாமல் இருந்தன. என்னைப் போல ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை என்று தோன்றியது.

மத்தியானம் ஆகும்போது எதிர்வீட்டு அக்கா வந்தார்கள். அத்தைக்கு உற்ற சிநேகிதி. அத்தையைக் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிட்டவர்களும் இவர்கள்தான். முறுக்கு இன்னும் எண்ணெயில் இருக்கிறது, வெந்ததும் கொண்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த தட்டின் துணியை விலக்கினார்கள். தட்டில் கேக் துண்டுகள்.

பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா. அந்தக் கருப்பு, அந்த ஈரம், முந்திரியை இரண்டாக மட்டும் உடைத்துப் போட்டிருந்தது. முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில் நான் கொடுத்துவிட்டு வந்தது.

"ஏளா, நாங்க எங்க கேக்கு செய்யுதோம். என் தங்கச்சிகூட வேலை பாக்குற பொண்ணு, யாரோ வீட்டுல செய்யுறவகிட்ட வாங்கித் தந்தா. வருஷா வருஷம் கேக்கு மணத்துக்கிட்டு கெடந்த வீடு, இந்த வருஷம் இல்லாமப் போச்சேன்னு மனசு கேக்கல" என்றார்கள்.

அக்கா முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. ஏதாவது தெரிந்து குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர்கள் எனக்கு இல்லாததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தார்கள். ரொம்ப நன்றிக்கா என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

தட்டு வந்தால் வீட்டுப் பெரியவர் முதலில் ஒரு வாய் எடுத்துப் போட வேண்டும், அது கொண்டுவந்தவருக்கு மரியாதை. மாமா ஒரு துண்டை எடுத்தார். மெதுவாக மென்றார். அந்த வாயைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கருப்பட்டி, சுக்கு. அத்தை அடுப்படியில் நின்று என்னோடு வாதாடியபோது நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தீர்ப்புச் சொன்னவர் அவர். நாக்குக்குத் தெரியாமல் இருக்குமா. அவர் விழுங்கினார். நன்றாக இருக்கிறது, செய்தவளுக்கு நல்ல கை என்று அக்காவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முறுக்கு கருகிவிடும் என்று எழுந்து போனார்கள்.

அக்கா வாசலைத் தாண்டியதும் மாமா துண்டால் கையைத் துடைத்தார்.

"ஏம்மா, அந்தக் கேக்கை எல்லாம் மேசைக்கு மாத்திருதியா? நீ கடைக்கு, பஸ் ஸ்டாப்புக்குன்னு போற நேரம் நான் அங்கன போயி அவ கட்டில்ல கொஞ்சம் இருந்துட்டு வருவேன். இப்ப பத்து நாளா எனக்கு இருக்க எடமில்ல."

அவர் குரலில் கோபம் இல்லை. நெரிசலான பஸ்ஸில் ஒருவர் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வாரே, அப்படித்தான் கேட்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நேரே அறைக்குப் போனேன்.

துண்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து எழுந்த வாசனை முகத்தில் அடித்தது. பெட்டிகளையும் கேக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஹாலில் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கதவு, ஜன்னல் எதையும் சாத்தவில்லை. இனிமேல் சாத்தி யாரிடம் மறைக்க. பேப்பரை எடுத்தபோது கட்டில் விரிப்பில் வட்ட வட்டமாக வெண்ணெய்க் கறை ஊறியிருந்தது. தலையணைப் பக்கம்கூட ஒரு வட்டம். கட்டில் ஓரத்தில், சுவரை ஒட்டித் தரையில், மாமாவின் ஜெபமாலை கிடந்தது. அப்போதுதான் புரிந்தது. இந்தப் பத்து நாளும் அவர் வராமல் இருக்கவில்லை. கேக்குகளை ஒதுக்காமல், கீழே தரையில் உட்கார்ந்து ஜெபம் சொல்லிவிட்டு, நான் திரும்பி வருவதற்குள் எழுந்து போயிருக்கிறார். முட்டி மடக்க முடியாத மனுஷர்.

விரிப்பை மாற்றினேன். மாமா உள்ளே வந்தார். நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, கையை அத்தை படுக்கிற பக்கம் ஊன்றிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா முறுக்குத் தட்டோடு படியேறி வந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. ஹாலுக்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார்கள். மேசை முழுக்கக் கேக். நடுவில் அவர்கள் கொண்டுவந்த தட்டு, அதில் அதே கருப்பு, அதே முந்திரி. அக்கா மேசையைப் பார்த்தார்கள், அந்தத் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். உள்ளே மாமா இருமும் சத்தம் கேட்டது, ஆனால் அவர் எழுந்து வரவில்லை. எனக்காகப் பேச யாரும் இல்லை.

கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பேன். அக்காவின் கண் சிவந்தது. அழப்போகிறார்கள் என்று நினைத்தேன், அழவும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி வையிளா. தட்டு சுடுது."

நான் இரண்டு பெட்டிகளை நகர்த்தினேன். அக்கா அந்த இடத்தில் முறுக்கை வைத்துவிட்டு, துணியைச் சரியாக இழுத்து மூடிவிட்டுப் போனார்கள்.